"சேர்க்கை சரியில்லை" என்பதைத் தாண்டி: பதின்பருவக் கதை எழுதுவது எப்படி

பதினாறு வயதுப் பையன் ஒருவன் தடம் மாறினால் வீட்டில் முதலில் வரும் பேச்சு "சேர்க்கை சரியில்லை" என்பதுதான். பதின்பருவத்தினருக்காகத் தமிழில் எழுதப்படும் பல கதைகளும் இதையே நூறு பக்கத்துக்கு நீட்டிச் சொல்கின்றன. நல்ல பையன், கெட்ட நண்பன், ஒரு சிகரெட், ஒரு விபத்து, கடைசியில் அம்மா மடியில் அழுகை. அந்த வயதுப் பிள்ளைகள் இதை இரண்டாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார்கள், ஏனென்றால் தங்களைக் கெடுக்க எந்தக் கெட்டவனும் வரவில்லை, வந்ததெல்லாம் தாங்கள் உயிராக நினைக்கிற நண்பர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அழுத்தம் வருவது பிடித்தவர்களிடமிருந்து. பெரும்பாலும் அவர்கள் எதையும் சொல்வதுகூட இல்லை. இதை நம்பினால்தான் இந்த வயதுக் கதையை எழுத முடியும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே சொல்வதெல்லாம் அதிலிருந்து வருகிறதுதான்.

முதலில் கேங்கை எழுதுங்கள்

நாயகனை விட்டுவிட்டு, அவன் சேர விரும்புகிற கேங்கை முதலில் யோசியுங்கள். அதில் இருப்பது எப்படி ஒரு சுகம்? அவர்களுக்குள் மட்டும் புரிகிற பட்டப்பெயர்கள் என்ன, டிபன் பாக்ஸில் யாருடைய வீட்டு எலுமிச்சை சாதத்துக்கு அடிதடி, யார் வீட்டு மொட்டை மாடியில் கூடுவார்கள், ரெக்கார்டு நோட்டை யார் யாருக்கு எழுதிக் கொடுப்பார்கள், யாருக்கு அப்பா இல்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே எப்படிப் பார்த்துக்கொள்வார்கள்? இதையெல்லாம் முதல் மூன்று அத்தியாயங்களில் வாசகர் அனுபவிக்க வேண்டும். அந்தக் கேங்கில் தானும் ஓர் ஓரமாக உட்கார வேண்டும் என்று படிக்கிறவருக்கே ஆசை வர வேண்டும். அப்போதுதான் பிறகு அதை இழந்துவிடுவோமோ என்ற பயம் வேலை செய்யும். கேங்கைத் தொடக்கத்திலிருந்தே அருவருப்பாக எழுதிவிட்டால், "இவன் ஏன் எழுந்து போகவில்லை" என்றுதான் வாசகர் கேட்பார், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

இதற்கு ஆய்வுப் பின்னணியும் உண்டு. 2005இல் அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க்கும் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்பதுதான் அளவு. தனியாக ஆடியபோது 13 முதல் 16 வயதுக்காரர்களுக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நண்பர்கள் கூட இருந்தபோது பிள்ளைகள் எடுத்த அபாயம் மளமளவென ஏறியது, பெரியவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. 2011இல் ஸ்டெய்ன்பெர்க் குழுவினர் இதே போன்ற விளையாட்டை மூளை ஸ்கேனோடு சேர்த்துச் செய்தார்கள். நண்பர்கள் பக்கத்து அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததே போதுமாக இருந்தது, மூளையில் பரிசு கிடைக்கும்போது விழித்துக்கொள்ளும் பகுதிகள் சுறுசுறுப்பாகிவிட்டன. நம் ஊர்ப் பேருந்துப் படிக்கட்டில் தொங்கும் பையனை நினைத்துப் பாருங்கள். தொங்கு என்று அவனிடம் யாரும் சொல்வதில்லை. பின்னால் வரும் இன்னொரு பேருந்தில் தன் வகுப்பு வருகிறது, அவ்வளவுதான்.

வசனத்தில் அழுத்தாதீர்கள்

பொதுவாக எழுதப்படும் காட்சி இப்படி இருக்கும்:

"டேய் கதிர், ஒரே ஒரு தடவை வச்சுப் பாருடா. நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?"
"வேண்டாம்டா, இது உடம்புக்குக் கெடுதல்."

இரண்டு பேருமே பொய்யாகப் பேசுகிறார்கள். ஒருவர் விளம்பரத்தின் வில்லன், இன்னொருவர் விளம்பரத்தின் நல்லவர். இதையே இப்படி மாற்றிப் பாருங்கள்:

மைதானத்துச் சுவரோரம் ஐந்து பேர். கூல் லிப் புகையிலை டப்பா அசோக்கிடமிருந்து பிரவீனுக்குப் போனது, பிரவீனிடமிருந்து சலீமுக்கு. சலீம் அதைக் கதிரைத் தாண்டி நீட்டி மணிக்குக் கொடுத்தான். "அவனுக்கு வேணாம்டா, படிக்கிற பையன்." கிண்டல் எதுவும் இல்லை அந்தக் குரலில். அசோக் நேற்றைய மேட்ச்சைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தான். தன் கை பாதி நீண்டிருந்ததைக் கதிர் அப்போதுதான் கவனித்தான்.

இங்கே யாரும் வற்புறுத்தவில்லை. அக்கறையாகத்தான் விலக்குகிறார்கள். அந்த அக்கறைதான் சுடுகிறது, அடுத்த முறை கதிர் தானே கேட்டு வாங்குவான் என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. ஒதுக்கப்படுதல், சிரிப்பு பாதியில் நிற்பது, தான் வந்ததும் பேச்சு மாறுவது, வாட்ஸ்அப்பில் தன்னை விட்டுவிட்டு இன்னொரு குரூப் இருக்கிறது என்று தற்செயலாகத் தெரியவருவது, பிறந்தநாள் கேக்குக்கு ஆளுக்கு 200 ரூபாய் என்று முடிவாகும்போது வீட்டில் கேட்க முடியாத பையன் "நான் அன்னைக்கு ஊர்ல இல்லடா" என்று சொல்வது, இவையெல்லாம்தான் உங்கள் கருவிகள். பணத்தை மறக்கவே மறக்காதீர்கள். நம் ஊரில் கேங்கின் அழுத்தத்தில் பாதி, போனும் ஷூவும் ட்ரீட்டும்தான்.

அப்புறம் ஒன்று, இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்: உங்கள் நாயகனோ நாயகியோ கதையில் ஓரிடத்திலாவது இன்னொருவரை அழுத்துகிறவராக இருக்க வேண்டும். தன்னைவிடக் கீழே இருக்கிற ஒருவனைப் பார்த்து எல்லோரோடும் சேர்ந்து அவனும் சிரிக்க வேண்டும், அல்லது தன் நெருங்கிய தோழியின் ரகசியத்தைக் கேங்கில் இடம் கிடைப்பதற்காக அவள் சொல்லிவிட வேண்டும். படிக்கிற பிள்ளை அதுவரை "ஆமாம், என்னையும் இப்படித்தான் செய்தார்கள்" என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கும், அந்தப் பக்கத்தில் வந்ததும் சற்று நின்று "நானும் செய்திருக்கிறேன்" என்று யோசிக்கும். அந்த ஒரு பக்கத்துக்காக முழுக் கதையையும் எழுதலாம்.

காதல் இங்கே எப்படித் தொடங்குகிறது

வெளிநாட்டுத் தொடர்களில் பார்க்கிற லாக்கர் வரிசை, பள்ளி நடன விருந்து எதுவும் நம்மிடம் இல்லை. நம் பள்ளிகளில் பல இருபாலர் பள்ளி என்று பெயர்ப் பலகையில்தான் இருக்கும், உள்ளே பையன்களும் பெண்களும் பேசினாலே வீட்டுக்கு போன் போகும். அதனால் காதல் வளைந்து வளைந்துதான் வரும். பெரும்பாலும் அதைத் தொடங்கிவைப்பதே வகுப்புதான். வருகைப் பதிவில் அவள் பெயர் வரும்போது இவன் பக்கம் நாலு பேர் இருமுவார்கள். அவள் டியூஷனுக்கு வந்ததும் இவன் முதுகில் ஒரு தட்டு. மூன்று வாரம் இப்படி ஓட்டினால், அதுவரை அவளை நிமிர்ந்தும் பார்க்காத பையனுக்கு அவள் இன்று எந்த ரிப்பன் என்று தெரிந்துவிடும். இது காதலா, கேங்கின் வேலையா? அவனுக்கே தெரியாது. அந்தத் தெரியாமைதான் உங்கள் கதை. காதலைத் தனி இழையாகவும் நண்பர்கள் அழுத்தத்தைத் தனி இழையாகவும் பிரித்து எழுதுகிறவர்கள், கண்ணெதிரே கிடக்கிற மிக நல்ல கருவை விட்டுவிடுகிறார்கள்.

தூது போகிற நண்பனையும் தோழியையும் கவனியுங்கள். "அவகிட்ட சொல்லிட்டியா?" "என்ன சொன்னா?" என்று கேட்டுக் கேட்டு, காதலிக்கிற இருவரைவிட அதில் அதிகம் ஈடுபட்டிருப்பவர் இவராகத்தான் இருப்பார். அவள் வேண்டாம் என்று சொன்னால் அவன் தாங்கிக்கொள்ளக்கூடும், கேங்கால் தாங்க முடியாது, "எங்க நண்பனையே வேணாம்னுட்டாளா" என்று கிளம்பும். ஒரு பெண்ணின் மறுப்பு அவமானமாக மாற்றப்படுவது இப்படித்தான். பையன் பின்தொடர்ந்து போய்ப் போய் அவள் மனம் மாறுவது போல மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அவள் பக்கமிருந்து ஒரு அத்தியாயம் எழுதிப் பாருங்கள், பேருந்து நிறுத்தத்தை மாற்றுவது, அக்காவைத் துணைக்குக் கூப்பிடுவது, டியூஷனையே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து வீட்டில் சொல்லாமல் இருப்பது எல்லாம் தானாக வந்து விழும்.

காதல் கைகூடிய பிறகும் அழுத்தம் நிற்காது.

"இன்ஸ்டா பாஸ்வேர்டு அனுப்பு"
"எதுக்கு"
"நான் என்னோடது அனுப்பினேன்ல"
டைப்பிங் என்று வந்தது. போனது. திரும்ப வந்தது.
"சரி விடு. நம்பிக்கை இல்லன்னா விடு"

இந்தக் காட்சியை இதோடு முடித்தால் அவன்தான் வில்லன். அடுத்த நாள் அவளுடைய தோழி, தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே, "இதுல என்னடி இருக்கு, என்னோடது என் ஆள்கிட்டதான் இருக்கு, எல்லாரும்தான் கொடுப்பாங்க" என்று சொல்லட்டும். இப்போது பாருங்கள். எல்லாரும்தான் என்கிற அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் அவளால் நிற்க முடியாது. போட்டோ கேட்பது, இருக்குமிடத்தைப் பகிரச் சொல்வது, "யார்கிட்ட பேசின" என்பது எல்லாமே இதே வழியில்தான் வரும். அவனையும் வெறும் மிரட்டுகிறவனாக விட்டுவிடாமல், அவன் கேங்கில் அவனுக்கு என்ன சொல்லப்படுகிறது என்பதையும் காட்டுங்கள்.

தெரியாமல் எழுதக் கூடாதவை

இந்தியாவில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின்படி 18 வயது நிறையாதவர் எல்லோரும் குழந்தைதான், சம்மதம் சட்டத்தின் கணக்கில் வராது. அதனால் இரண்டு ப்ளஸ் டூ பிள்ளைகளின் உறவுகூட, பெண் வீட்டார் புகார் கொடுத்தால், பையன் மீது வழக்காகலாம். வளரிளம் பருவத்தினரின் காதலைக் குற்றமாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது, ஆனாலும் சட்டம் மாறவில்லை. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் கதையில் நாயகி ஓர் ஆசிரியையிடம் மனம் திறந்தால், "நமக்குள்ளேயே இருக்கட்டும்மா" என்று அந்த டீச்சர் சொல்ல முடியாது. அவளுக்கு முன்னால் உட்கார்ந்து, சொல்லியே ஆக வேண்டும் என்பதை எப்படிப் புரியவைக்கிறார் என்பதே கனமான ஒரு காட்சி.

எழுத்தில் எல்லை எங்கே? பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர்களைப் பாலியல் வர்ணனைக்குள் கொண்டுவராதீர்கள், அது கதைக்குத் தேவையே இல்லை. இணையத்தில் எழுதுகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சித்தரிப்பதைக் குற்றமாக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு படங்களை மட்டுமல்ல, எழுத்தையும் சேர்த்தேதான் சொல்கிறது. கை தொட்டதும் வருகிற படபடப்பும், அன்று இரவு தூக்கம் வராததும், மறுநாள் கண்ணைப் பார்க்க முடியாததும் போதும். தற்கொலை வருகிற கதை என்றால் எப்படி நடந்தது என்ற விவரம் ஒரு வரிகூட வேண்டாம், கடைசிக் கடிதத்தை உருக்கமாக எழுதவே வேண்டாம். செய்தியில் வந்த உண்மைச் சம்பவத்தை அப்படியே தூக்கி ஊரையும் பள்ளியையும் மட்டும் மாற்றி எழுதுவதையும் விட்டுவிடுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளை அந்த ஊரில்தான் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

சாதியை ஒளித்து வைத்துவிட்டு தமிழ்நாட்டுப் பள்ளியை எழுத முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு ப்ளஸ் டூ மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அந்தக் கயிற்றை யோசித்துப் பாருங்கள். கட்டிக்கொள் என்று எந்த அண்ணனும் மிரட்ட வேண்டாம், கோயில் கொடைக்குப் போன இடத்தில் எல்லார் கையிலும் கட்டும்போது இவன் கையிலும் கட்டுவார்கள், திங்கள்கிழமை அதோடு பள்ளிக்கு வருவான், இதுவரை ஒரே சைக்கிளில் வந்த நண்பன் அதைப் பார்ப்பான். கேங்கின் அழுத்தம் பற்றி இதைவிட நம் மண்ணுக்குச் சொந்தமான காட்சி எனக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்ட ஊரில் சாதி கடந்த பள்ளிக் காதல் என்றால் அது மனம் உடைவதோடு நிற்காது, உயிர்ப் பயமும் சேர்ந்து வரும். அதைச் சின்னதாக்காமல் எழுதுங்கள்.

எந்த வருஷம், என்ன பேச்சு

கதை நடக்கும் ஆண்டை ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். இந்த வயது வாசகர் ஒரு சின்னப் பிசகைக்கூட விடமாட்டார். 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டது, அதனால் 2019இல் நடக்கும் கதையில் டிக்டாக், 2022 என்றால் ரீல்ஸ். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பத்திரிகையில் படம் போடுவது 2017 முடிவுகள் வந்தபோதே நின்றுவிட்டது, அந்த ஆண்டிலோ அதற்குப் பிறகோ நடக்கும் கதையில் அதைக் கொண்டுவராதீர்கள். 2020 மார்ச்சுக்குப் பிறகு பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் கேங் முழுக்க போனுக்குள்தான் இருந்தது. ஒரே போனை அண்ணன் தங்கை இருவரும் வைத்துக்கொண்டு ஆன்லைன் வகுப்பு பார்த்த வீட்டில் யார் யாருடைய மெசேஜைப் படித்துவிடுவார் என்பதே ஒரு முழுக் கதைக்கு ஆகும்.

பேச்சு வழக்கு. கதை சொல்லும் நடை எழுத்துத் தமிழாகவே இருக்கலாம், பேச்சு மட்டும் அந்தந்த ஊர் வாயாக இருக்கட்டும். திருநெல்வேலிப் பையன் "ஏல" என்பான், கோவைப் பையன் "ஏனுங்" என்று பெரியவரிடம் பேசிவிட்டு நண்பனிடம் வேறு மாதிரிப் பேசுவான். உங்களுக்குத் தெரிந்த ஊரையே எழுதுங்கள். இப்போது புழங்குகிற புதுச் சொற்களை அள்ளிக் கொட்டினால் புத்தகம் அச்சாகும்போதே அவை பழசாகியிருக்கும், மச்சி, மொக்கை, ஓட்டுறது மாதிரி பல ஆண்டுகள் நின்ற சொற்களை நம்பலாம். கெட்ட வார்த்தை பேசாத ப்ளஸ் ஒன் பையன் கிடையாது, ஆனாலும் எல்லாவற்றையும் அச்சில் வைக்க வேண்டியதில்லை, வாக்கியத்தின் வேகத்திலேயே அது கேட்கும். வாட்ஸ்அப் உரையாடலைத் தமிழ் எழுத்திலேயே கொடுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் நீட்டாதீர்கள். ப்ளூ டிக், லாஸ்ட் சீன், அழிக்கப்பட்ட மெசேஜ் ஆகியவற்றை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் பதற்றமே இருக்கிறது.

பெரியவர்களைப் பற்றிச் சுருக்கமாக. அப்பா அம்மாவை அரக்கர்களாக்காதீர்கள். கட்டணத்துக்காக அடகு வைத்த நகை ஒன்று அவர்கள் கோபத்துக்குப் பின்னால் இருக்கட்டும். அதே சமயம் எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் நல்லாசிரியர் ஒருவரை 90ஆம் பக்கத்தில் இறக்காதீர்கள். சிக்கலை அவிழ்ப்பதோ, அவிழ்க்க முடியாமல் அறுப்பதோ அந்தப் பிள்ளைகளின் வேலை.

மறுப்பது எப்படி இருக்கும்

நிஜத்தில் யாரும் எழுந்து நின்று "எனக்கு இதில் விருப்பமில்லை" என்று சொல்வதில்லை. "அம்மா தேடுவாங்கடா", "நாளைக்கு டெஸ்ட் இருக்கு", சார்ஜ் இல்லை என்று போனை அணைத்து வைப்பது, மெதுவாக வேறு பெஞ்சுக்கு நகர்வது, இப்படித்தான் மறுக்கிறார்கள். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லிச் செய்த சோதனை உங்களுக்கு இங்கே உதவும். அறையில் எல்லோரும் வேண்டுமென்றே தவறான விடையைச் சொன்னபோது, விவரம் தெரியாமல் அவர்களோடு உட்காரவைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒருமுறையாவது கூட்டத்தோடு ஒத்துப்போனார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதும் அப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அதனால் உங்கள் நாயகிக்குத் திடீர்த் துணிச்சலை ஊட்டாமல், அவளுக்கு ஓர் ஆளைக் கொடுங்கள். அவள் நினைத்தே பார்க்காத ஆளாக இருக்கட்டும், முதல் பாதியில் எல்லோரும் சிரித்தபோது கூடச் சேர்ந்து அவளும் சிரித்தாளே, அந்தப் பெண்ணாகவே இருக்கட்டும்.

முடிவில் தண்டனை வேண்டாம், பொதுத் தேர்வில் அதிக மதிப்பெண்ணும் வேண்டாம். கேங்கை விட்டு வந்தால் அதற்கு ஒரு விலை இருக்கும், மதிய உணவைத் தனியாகச் சாப்பிடுகிற சில வாரங்கள் இருக்கும், அதை மறைக்காமல் காட்டுங்கள். விட்டு வந்தவர்களை அவன் இன்னும் நேசிக்கலாம். சில கதைகளில் அவன் விட்டு வராமலேயேகூட இருக்கலாம்.

எழுதி முடித்ததும் அந்த வயதில் இருக்கிற நாலைந்து பேரிடம், அவர்கள் வீட்டுக்குச் சொல்லிவிட்டு, படிக்கக் கொடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "சூப்பரா இருக்கு அங்கிள்" என்றுதான் பதில் வரும். எந்தப் பக்கத்தில் போனைக் கையில் எடுத்தார்கள், எந்த வசனத்தை அவர்கள் வகுப்பில் யாரும் பேசமாட்டார்கள், யாரைப் பிடிக்கவில்லை என்று கேளுங்கள், பென்சிலைக் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். பேச்சுவாக்கில் அவர்கள் சொல்லும் சொந்தக் கதைகளை அடுத்த வரைவுக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். கதையில் வன்முறையோ பாலியல் சீண்டலோ வந்தால் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை, கட்டணம் இல்லை, இரவும் பகலும் பேசலாம் என்ற விவரத்தோடு அச்சிடச் சொல்லிப் பதிப்பாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.